ஏழாம் நம்பர் கிணறு

பிப்ரவரி 3, திங்கள்

ஆய்வகத்தில் எனக்கு ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். கிணற்று எண், நேரம், ஆழம், வெப்பம், கவனித்தவை என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. ‘கவனித்தவை’க்கு ஒரே ஒரு வரிதான் இடம். எனக்கு அது போதாது. பேச்சு குறைவாக உள்ளவர்களுக்குக் கவனிப்பு கூடிவிடுகிறது. அதனால் இந்த இரண்டாவது நோட்டை நானே வாங்கிக்கொண்டேன். இதில் கட்டம் இல்லை.

வேலை என்னவென்றால், கோயம்புத்தூரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பேருந்தில் மேட்டுக்காட்டுப்புதூர் என்று ஓர் ஊர். தக்காளியும் கீரையும் விளைகிற ஊர். பக்கத்து டவுனின் சாக்கடையைச் சுமந்துகொண்டு ஒரு வாய்க்கால் ஊரை ஒட்டிப் போகிறது. டவுன் ஜனங்கள் விழுங்குகிற மாத்திரை, குடிக்கிற காப்பி, பூசுகிற களிம்பு எல்லாம் உடம்பைக் கடந்து சாக்கடைக்கு வந்து, மண்ணுக்குள் கசிந்து, தோட்டத்துக் கிணறுகளுக்கும் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு கிணறுகள். அளவு நானோகிராமில். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு.

ஹெப்சிபா மேடம்தான் தலைமை. நாகர்கோவில்காரர். தண்ணீர் எடுக்கப் போகிறவருக்கான விதிகளைப் படித்துக் காட்டினார். முதல் நாளிலிருந்தே காப்பி, டீ கூடாது. கொசுவர்த்தி, தலைவலித் தைலம், முகக் கிரீம் கூடாது. நம் கையிலும் மூச்சிலும் இருப்பது பாட்டிலுக்குள் போய்விடுமாம். “சந்தேகம் இருக்கா?” என்று கேட்டார். மூன்று இருந்தது. இல்லை என்றேன்.

ஒப்பந்தம் மார்ச் 31 வரை. வேலை சரியாக இருந்தால் இரண்டு வருட நீட்டிப்பு.

அப்பாவுக்கு போன் செய்தேன். முசிறியில் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பேசினார். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான் என்பதை அவர் சட்டை கொண்டுவருகிற எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டார். இப்போது ‘தண்ணி டாக்டர்’ என்று புதிதாகச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். மாணிக்க விநாயகர் தெரு வாத்தியார் ஒருவர் தன் வீட்டு போர் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவந்து வண்டியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாராம்.

பிப்ரவரி 6, வியாழன்

முதல் நாள் தண்ணீர் எடுப்பு. ஐஸ் பெட்டியோடு பேருந்தில் இறங்கினேன். இரண்டு பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள், சொட்டு மருந்து என்று நினைத்து. இல்லை என்று விளக்குவதற்குள் ஒரு குழந்தை வாயைத் திறந்து காட்டிவிட்டது.

ஒன்றாம் நம்பர் தோட்டத்தில் காப்பி கொடுத்தார்கள். ரொம்பச் சின்ன டம்ளர். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் டம்ளர் கைக்கு வந்துவிட்டது. இரண்டாம் நம்பரில் அந்த அக்கா நான் குடித்து முடிக்கும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதிதான் குடித்தேன். மூன்றும் நான்கும் அண்ணன் தம்பி தோட்டங்கள். அண்ணன் வீட்டில் குடித்துவிட்டுத் தம்பி வீட்டில் குடிக்காமல் வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு விளக்கினார்கள். ஆறில் சர்க்கரை போடாத காப்பி, அது கணக்கில் வராது.

ஏழாம் நம்பர் நல்லசிவம் அய்யா தோட்டம். அறுபத்தைந்து வயதிருக்கும். இடது கால் கட்டை விரலில் துணி சுற்றியிருந்தது. அவர் மனைவி பாவாத்தாள் அம்மா அவர் கையில் ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். “இவருக்குச் சக்கரை கண்ணு. பாத்துக் குடுக்காட்டி போட மாட்டாரு” என்றார். அய்யா வாயைத் துடைத்துக்கொண்டு, கிணற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். எனக்கு காப்பி வந்தது.

ஒன்பதாம் நம்பரில் ஒரு கையில் பாட்டில் மூடி, மறு கையில் டம்ளர்.

வெறும் பாட்டிலைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். ஆய்வகத்திலிருந்து சுத்தமான தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோய், ஒவ்வொரு கிணற்றடியிலும் திறந்து மூடி அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் தப்பு கிணற்றில் இல்லை, நம்மிடம். அதையும் முறைப்படி திறந்து மூடினேன்.

காப்பி மொத்தம் ஒரு மூன்று இருக்கலாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

பாட்டில்களை மெஷின் அறையில் ஒப்படைத்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மெஷினைப் பார்த்துக்கொள்பவர் சடகோபன் சார். அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். உள்ளே யாரும் உரக்கப் பேசக் கூடாது. மெஷின் சரியாக ஓடிய நாளில் அவர் நெற்றியில் திருமண் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

இன்று ஒவ்வொரு கிணறாக முடிவு வந்தது. ஒன்றில் காஃபீன். இரண்டில் காஃபீன். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். காஃபீன் இருந்தால் சாக்கடை வந்துவிட்டது என்று அர்த்தம். பன்னிரண்டிலும் இருந்தது. மேடத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. நிதி கொடுக்கிறவர்களுக்கு உடனே போன் செய்ய வேண்டும் என்றார். எண்ணைக்கூடத் தேடி எடுத்துவிட்டார்.

அப்போது சடகோபன் சார் மெதுவான குரலில், இன்னும் ஒன்று இருக்கிறது மேடம், வெறும் பாட்டில் என்றார்.

பன்னிரண்டு கிணறுகளையும் சேர்த்தால்கூட அந்த அளவு வராது.

மேடம் போனைக் கீழே வைத்தார். சடகோபன் சார் தன் மெஷினைத்தான் முதலில் சந்தேகப்பட்டார். பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

பிப்ரவரி 19, புதன்

மேடம் அறையில் நின்றேன். எத்தனை காப்பி என்று கேட்டார். மூன்று என்றேன். கிராஃபைத் திருப்பி என் பக்கம் வைத்து, “இது மூன்று சொல்லலையே ரேணுகா” என்றார். ஏழு என்றேன். கிராஃப் காப்பியை எண்ணாது என்று எனக்குத் தெரியும். அறைக்கு வந்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

மேடம் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு டம்ளரை வேண்டாம் என்று சொல்ல முடியாதவர் ஒரு முடிவைத் தப்பு என்று எப்படிச் சொல்வார் என்று கேட்டார். பன்னிரண்டு கிணறுகளிலும் திரும்ப எடுக்க வேண்டும். இன்னொரு முறை இப்படி நடந்தால் மார்ச் 31 தான் கடைசி நாள்.

அப்பாவுக்குச் சொல்லவில்லை. அந்த வாத்தியாருடைய தண்ணீர் என்ன ஆயிற்று என்று அவர் போனில் கேட்டார். மெஷின் வேறு வேலையில் இருக்கிறது என்றேன்.

பிப்ரவரி 24, திங்கள்

ஹாஸ்டல் கண்ணாடி முன்னால் நின்று “வேண்டாங்க” என்று முப்பது முறை சொல்லிப் பார்த்தேன். பக்கத்து அறை அக்கா வந்து, வீட்டில் மாப்பிள்ளை யாரையாவது பார்க்கச் சொல்கிறார்களா என்று பரிவாக விசாரித்தார்.

மூன்று நாளாகக் காப்பி இல்லை. தலை வலிக்கிறது. தைலமும் கூடாது.

பிப்ரவரி 25, செவ்வாய்

முதல் தோட்டத்தில் “வேண்டாங்க” வரவில்லை. “விரதம்” என்று வந்துவிட்டது.

அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. எந்தச் சாமிக்கு என்றார்கள். முருகனுக்கு என்றேன். எத்தனை வாரம் என்றார்கள். மனதில் வந்த எண்ணைச் சொன்னேன். இரண்டாம் நம்பர் தோட்டத்துக்கு நான் போவதற்கு முன்பே செய்தி போய்விட்டது. இந்தப் பிள்ளை கல்யாணம் கூடி வருவதற்காக விரதம் இருக்கிறது. நான்காம் நம்பரில் எனக்காக இளநீர் வெட்டி வைத்திருந்தார்கள். ஆறாம் நம்பரில் பல்லடத்தில் பம்பு செட் கடை வைத்திருக்கும் ஒரு பையனைப் பற்றி விவரமாகச் சொன்னார்கள். ஜாதகம் கையோடு இருக்கிறதா என்றும் கேட்டார்கள். கையில் பாட்டில் இருக்கிறது என்று காட்டினேன்.

ஏழாம் நம்பரில் பாவாத்தாள் அம்மா வற்புறுத்தவே இல்லை. “வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிப் போடு கண்ணு. சாமிய எதுக்கு இழுக்கற?” என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அய்யாவும் பக்கத்தில்தான் நின்றார். அவர் என்னை ஒரு மாதிரி அனுதாபத்தோடு பார்த்தார்.

காப்பி: பூஜ்யம். இது உண்மை.

மார்ச் 7, வெள்ளி

காஃபீன் போய்விட்டது. மூன்று கிணறுகளில் மட்டும் துளி இருக்கிறது, மூன்றும் வாய்க்காலை ஒட்டியவை. வெறும் பாட்டில் சுத்தம். சடகோபன் சார் எனக்கு ஒரு கற்கண்டு கொடுத்தார்.

கற்கண்டு கரைவதற்குள் ஏழாம் நம்பர் வந்தது. மெட்ஃபார்மின், அதாவது சர்க்கரை வியாதி மாத்திரை. வாய்க்காலை ஒட்டிய மூன்றில் முப்பது நாற்பது நானோகிராம், மற்றவற்றில் இல்லை. இதில் லிட்டருக்குப் பன்னிரண்டாயிரம். டவுன் சாக்கடையில்கூட இவ்வளவு இருக்குமா என்று சடகோபன் சார் யோசித்தார். ஆனால் சாக்கடை என்றால் காஃபீனும் வலி மாத்திரையும் கூட வந்திருக்க வேண்டும். அவை இல்லை.

மேடம் என்னிடம் கேட்ட கேள்வி: “உங்க வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா?”

அப்பாவுக்கு இருக்கிறது. அதே மாத்திரைதான். தண்ணீர் எடுப்பதற்கு முந்தின ஞாயிறு முசிறிக்குப் போய், அவருக்கு ஒரு வாரத்து மாத்திரையைப் பிரித்து டப்பாவில் போட்டுவிட்டு வந்தேன். அதைச் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போகலாம் என்றார்.

ஹாஸ்டலுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது பதில் தோன்றியது. என் கையிலிருந்து வந்ததென்றால் வெறும் பாட்டிலிலும் இருக்க வேண்டுமே. நல்ல பதில். ஐந்து மணி நேரம் தாமதம்.

மார்ச் 8, சனி

அந்தப் பதிலை ஒரு தாளில் எழுதி மேடம் மேசையில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். பதினோரு மணிக்குக் கூப்பிட்டார். பேச வாய் இருக்கும்போது தபால் எதற்கு என்றார். பிறகு, பதில் சரிதான், ஆனால் அந்த ஒரு பாட்டில் மட்டும் கெட்டிருக்கலாம் என்றார். திங்களன்று தனியாகப் போய் ஏழாம் நம்பரில் மூன்று பாட்டில் எடுக்க வேண்டும். பதினான்காம் தேதி ஊரில் கூட்டம். நிதி கொடுப்பவர்களின் நிபந்தனை அது. கிணறு கிணறாக முடிவைத் தோட்டக்காரர்களுக்குப் படித்துச் சொல்ல வேண்டும். அதற்குள் மருந்து எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும்.

“தண்ணி மட்டும் கொண்டு வராதே. காரணமும் கொண்டு வா.”

மார்ச் 10, திங்கள்

காலை முதல் பேருந்தில் போனேன். பாவாத்தாள் அம்மா பால் சொசைட்டிக்குப் போயிருந்தார். ஏழாம் நம்பர் பெரிய வட்டக் கிணறு. உள்சுவரில் படிக்கல் நீட்டிக்கொண்டு இறங்கும். மோட்டார் அறைக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து கையுறை மாட்டிக்கொண்டிருந்தேன்.

நல்லசிவம் அய்யா வந்தார். காலில் இன்னும் அதே துணிக்கட்டு. சுற்றுமுற்றும் பார்த்தார். நான் உட்கார்ந்திருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை. வேட்டி மடிப்பிலிருந்து எதையோ எடுத்துக் கிணற்றுக்குள் போட்டார். பிறகு நாக்கை மடித்து வாயிலிருந்து இன்னொன்றை எடுத்துப் போட்டார். இரண்டாவது தண்ணீரில் விழவில்லை. படிக்கல்லில் பட்டு அங்கேயே நின்றுவிட்டது. வெள்ளையாக, வட்டமாக.

அவர் எட்டிப் பார்த்தார். நானும் எழுந்து எட்டிப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும் அந்த மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் முதலில் பேசுவார் என்று நினைத்தேன். அவரும் என்னைப் பற்றி அப்படியே நினைத்திருக்க வேண்டும். கடைசியில் அவர்தான், “எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு அம்மிணி” என்றார்.

எனக்குக் கணக்கு போடும்போது மட்டும் கூச்சம் வராது. நோட்டைப் பிரித்தேன். உங்கள் மோட்டார் நாள் ஒன்றுக்கு எண்பதாயிரம் லிட்டர் இறைக்கிறது, அவ்வளவு தண்ணீர் வெளியே போன பிறகும் லிட்டருக்குப் பன்னிரண்டாயிரம் நிற்கிறது என்றால், நாள் தவறாமல் ஆயிரம் மில்லிகிராம் உள்ளே விழ வேண்டும் என்றேன். ஐந்நூறு மில்லிகிராம் மாத்திரை என்றால் இரண்டு.

“காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு” என்று முடித்தேன்.

அவர் மோட்டார் அறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். இராத்திரி மாத்திரை வேட்டி மடிப்பில் தூங்குமாம். காலையில் இரண்டையும் சேர்த்து வழியனுப்புவாராம். ஆறு மாதமாக. குப்பையில் போட்டால் கோழி கிளறிவிடும். சாணிக் குழியில் போட்டால் சாணி அள்ளும்போது அந்தம்மா பார்த்துவிடுவார். மாட்டுத் தொட்டியில் போட மனசு வரவில்லை, வாயில்லா ஜீவன். கிணறு ஒன்றுதான் திருப்பிச் சொல்லாது என்று நினைத்தாராம்.

ஏன் போடுவதில்லை என்று கேட்டேன். ஆஸ்பத்திரி நர்சு ஒரு தடவை ஆரம்பித்தால் நிறுத்தவே கூடாது என்று சொன்னதாகச் சொன்னார். “நிறுத்த முடியாதுன்னாங்க. அதான் நான் ஆரம்பிக்கவே இல்லீங்க.”

பிறகு ஏதோ பிடி கிடைத்தவர் போல நிமிர்ந்தார்.

“ஆனா அம்மிணி, இந்தத் தண்ணியத்தான நானும் குடிக்கறேன்? கொஞ்சங்கொஞ்சமா உள்ள போய்ட்டுத்தான இருக்குது?”

அதற்கும் கணக்குப் போட்டேன். ஒரு மாத்திரை உள்ளே போக வேண்டுமென்றால் நாற்பதாயிரம் லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். சொன்னேன். கிணற்றைப் பார்த்தார். முடியுமா என்று யோசிப்பது போலத்தான் இருந்தது.

காலைக் காட்டி எத்தனை நாளாக ஆறவில்லை என்றேன். பொங்கலிலிருந்து என்றார். அப்பாவுக்கும் இரண்டு வருடத்துக்கு முன்னால் குதிகாலில் அப்படித்தான் இருந்தது, இஸ்திரி வண்டிக்காரர் நின்றே வேலை செய்கிறவர், மாத்திரையைச் சரியாகப் போட ஆரம்பித்த பிறகுதான் ஆறியது என்றேன். பாவாத்தாள் அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், வெள்ளிக்கிழமை ஊரில் முடிவைப் படிக்கப் போகிறோம் என்றேன். கூட்டத்தில் படிப்பீங்களா என்று கேட்டார். நம்பரைப் படிப்பார்கள், பேரை நான் சொல்ல மாட்டேன் என்றேன். நம்பர் கிணற்றுச் சுவரில் மஞ்சள் பெயிண்டில் இரண்டடி உயரத்துக்கு எழுதியிருக்கிறது. எழுதியவள் நான்தான்.

அவ்வளவு பேசியதில் தொண்டை வறண்டுவிட்டது. பேருந்தில் வரும்போதுதான் கவனித்தேன், இன்று நான் பேசியது போன வருடம் முழுக்கப் பேசியதைவிடக் கூட.

மார்ச் 12, புதன்

மூன்று பாட்டிலிலும் அதே அளவு. வெறும் பாட்டில் சுத்தம். காரணம் என்ன என்று மேடம் கேட்டார். ஒருவர் போட வேண்டிய மாத்திரையைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கிறது என்றேன். யார் என்றார். சொல்ல மாட்டேன் என்று சொல்ல நினைத்து, தரையைப் பார்த்தேன். மேடம் அதை விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை கிணறு வாரியாக நீதான் படிக்கிறாய், தண்ணீர் எடுத்தவர்தான் படிக்க வேண்டும் என்றார்.

ஐம்பது பேர் வருவார்களாம். மைக் உண்டாம்.

மார்ச் 13, வியாழன்

நல்லசிவம் அய்யா போன் செய்தார். கூட்டத்துக்கு அடித்த நோட்டீஸில் என் எண் இருந்ததாம். ஏழு என்பதை எட்டு என்று படிக்க முடியுமா என்று கேட்டார். எட்டு அவருடைய பெரியப்பா மகனுடைய கிணறு. அவன் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டான் என்றார்.

அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா என்றேன். இரண்டு தடவை வாயெடுத்தாராம். இரண்டு தடவையும் அந்தம்மா மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டிவிட்டாராம்.

“எட்டுன்னு படிக்க முடியாதுங்க அய்யா” என்றேன்.

 சொல்லிவிட்டேன். முருகனை இழுக்காமல்.

மார்ச் 15, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்று முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

பால் சொசைட்டிக் கட்டடத்தில் கூட்டம். ஐம்பது இல்லை, எண்பது பேர். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பாவாத்தாள் அம்மா முன்வரிசையில். நல்லசிவம் அய்யா ஆண்கள் பக்கத்தில் வாசலுக்கு மிக அருகில், செருப்பைக் கழற்றாமல். நான் அவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது.

மேடம் வாய்க்காலைப் பற்றிப் பேசினார். பிறகு மைக் என் கைக்கு வந்தது. அது ஒரு தடவை கீச்சிட்டது. எனக்காகவே அது கத்தியது போல இருந்தது. ஒன்றிலிருந்து ஆறு வரை படித்தேன். வாய்க்காலை ஒட்டிய கிணறுகளில் மட்டும் சாக்கடையின் தடம் கொஞ்சம் இருக்கிறது, வாய்க்கால் தண்ணீரை நேராகக் கீரைக்குப் பாய்ச்ச வேண்டாம் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆறாம் நம்பர்க்காரர்கள் நான் இளைத்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

ஏழு. ஒரு மருந்து, லிட்டருக்குப் பன்னிரண்டாயிரம் நானோகிராம்.

 எல்லா மூலையிலிருந்தும் சத்தம் வந்தது. சொசைட்டித் தலைவர் அரங்கசாமி எழுந்து, டவுன் ஆஸ்பத்திரிக் கழிவுதான் இது, தனக்கு அப்போதே தெரியும் என்றார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு, செவ்வாய்க்கிழமை ரோட்டில் மறியல் என்று தேதியே குறித்துவிட்டார். ஒருவர் வேன் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். ஒருவர், இது வெளியே தெரிந்தால் நம் தக்காளியை யார் வாங்குவார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு கூட்டத்தின் போக்கே மாறிவிட்டது.

நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் செவ்வாய்க்கிழமை எண்பது பேர் ஒரு தப்புமில்லாத ஆஸ்பத்திரி வாசலில் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். தக்காளி அழுகியிருக்கும்.

“வெளியில இருந்து வரலைங்க” என்றேன். மைக்கில் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தக்காளிக்கு ஒன்றும் ஆகவில்லை, மருந்து உள்ளேயே, அந்த ஒரு கிணற்றில் மட்டும் விழுகிறது, விழுவது நின்றால் சில நாட்களில் அளவும் இறங்கிவிடும் என்றேன்.

யார் போடுவது, உனக்குத் தெரியுமா என்று அரங்கசாமி கேட்டார்.

“தெரியுமுங்க. சொல்ல மாட்டேன்.”

மேடம் என் பக்கம் குனிந்து, சொல்லிவிடு ரேணுகா, இல்லாவிட்டால் இவர்கள் விடமாட்டார்கள் என்றார். மைக்கை விலக்க மறந்துவிட்டேன்.

“சொல்ல மாட்டேன் மேடம்.”

எண்பது பேருக்கும் கேட்டுவிட்டது. மார்ச் 31 என் கண் முன்னால் வந்து நின்றது.

அப்போது பாவாத்தாள் அம்மா எழுந்தார். பேர் வேண்டாம், அது என்ன மருந்து என்று மட்டும் கேட்டார். அதை மறைக்க முடியாது. தாளிலேயே இருக்கிறது.

“சக்கரைக்குக் குடுக்கற மாத்திரைங்கம்மா.”

அந்தம்மா திரும்பவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். அந்த நேரத்தில் வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. ஓடிவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நல்லசிவம் அய்யா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

“மறியலெல்லாம் வேண்டாமப்பா. மாத்திரை என்னுது” என்றார்.

பாவாத்தாள் அம்மா அப்போதுதான் திரும்பினார்.

“ஏனுங்க, அப்ப ஆறு மாசமா நான் நின்னு பாத்தது தொண்டையில்லீங்களா?”

அறை முழுக்கச் சிரித்துவிட்டது. அரங்கசாமிகூடச் சிரித்தார், அவருடைய மறியல் போன வருத்தத்தோடு. அய்யா தலையைக் குனிந்துகொண்டு, நாளையிலிருந்து என்று ஆரம்பித்தார். அந்தம்மா மடியிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். விழுங்கினார். “வாயத் தெறங்க” என்றார் அந்தம்மா. எண்பது பேர் முன்னால் திறந்தார். நாக்கைத் தூக்கியும் காட்டினார்.

எல்லோரும் சிரித்தபோது நான் ஆண்கள் பக்கத்தைக் கவனித்தேன். ஏழெட்டுப் பேர் சிரிக்கவில்லை. அவரவர் வீட்டுப் பெண்களும் அதைக் கவனித்துவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

கூட்டம் முடிந்து ஜீப்பில் சாமான் ஏற்றும்போது ஒன்பது பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாட்டில், எண்ணெய் பாட்டில், ஜூஸ் பாட்டில், ஒன்று ஊறுகாய் பாட்டில். என் வீட்டுக்காரருக்குப் பிரஷர் மாத்திரை, எங்கள் கிணற்றில் இருக்கிறதா பாருங்கள் என்றார் ஒருவர். கொலஸ்ட்ரால் மாத்திரை என்றார் இன்னொருவர். பாட்டில் கழுவாமல் எடுத்தது, எந்த முறையும் இல்லாமல் எடுத்தது. முடியாது என்றேன். இந்த மெஷின் கிணற்றைப் பார்ப்பதற்கு, வீட்டுக்காரரைப் பார்ப்பதற்கு இல்லை, அதை நீங்களே வீட்டில் கேளுங்கள் என்றேன். ஒன்பது பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். இப்போது எழுதும்போது எனக்கே நம்பிக்கையில்லை.

பாவாத்தாள் அம்மா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “நீ ஒண்ணும் பாக்க வேண்டாம் கண்ணு. வண்டியில ஏத்தறத மட்டும் அவங்க வீட்டுக்காரருங்க பாக்கட்டும்.”

மேடத்தைப் பார்த்தேன். மேடம் அந்த ஊறுகாய் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிரைவரிடம், பின்பக்கக் கதவைத் திறந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அடுக்கச் சொன்னார். என்னிடம், நீட்டிப்புப் படிவம் திங்கட்கிழமை என் மேசையில் இருக்கும், வந்து கையெழுத்துப் போடு, இந்த ஊருக்கு இனி வேறு யாரை அனுப்புவது என்றார்.

ஜீப் கிளம்பும்போது நாற்பது வயதுக்காரர் ஒருவர் ஓடி வந்து என் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் சிரிக்காதவர்களில் ஒருவர். பின்னால் பார்த்துக்கொண்டார்.

“ஏனுங்க மேடம், இன்னைக்கு ராத்திரியிலிருந்து ஒழுங்காப் போட்டா, ரிசல்ட்டு நல்லா வருமுங்களா?”

“வரும். தெனமும் போடணும்” என்றேன், பின்னால் புளியமரத்தடியில் நின்றிருந்த மற்றவர்களுக்கும் கேட்கும்படி.